இடது பக்கம் ஒதுங்கினவன்

கிட்ட வாங்க, நெருங்கி உட்காருங்க. அந்த மூலையில் இடம் இருக்கு பாருங்க. ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறவரை நகரச் சொல்லாதீங்க. கதை முழுக்க அதுதான்.

"மேடம், எனக்கு எப்போதான் சிவப்புப் பட்டை?"

சீடன் இப்படித்தான் கேட்டான். பேர் தணிகாசலம். அரக்கோணத்தில் டைல்ஸ் கடை வைத்திருந்தான். தலையில் நரை வந்தபிறகு பெரிய மோட்டார் சைக்கிள் வாங்கினவன். கெட்டிக்காரன்.

குரு என்றதும் நீங்க தாடியைத் தேடக்கூடாது. இந்தக் குரு பிலோமினா. சீடனைவிட வயதில் சின்னவள். ரேஸ் ஓட்டி, விழுந்து, காலில் கம்பி வைத்துக்கொண்டு எழுந்தவள். சென்னைக்கு வெளியே ஒரு ட்ராக்கில், ஞாயிற்றுக்கிழமைகளில், சொந்த வண்டியோடு வருகிறவர்களுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தாள்.

அங்கே போட்டி கிடையாது. கோப்பை கிடையாது. கையில் ஒரு துணிப் பட்டை கட்டிவிடுவார்கள், அவ்வளவுதான். நிதானமாக ஓட்டுகிறவனுக்குப் பச்சை. வேகமாக ஓட்டத் தெரிந்தவனுக்குச் சிவப்பு. பச்சையை அவிழ்த்துச் சிவப்பைக் கட்டுவது பிலோமினா கையில் இருந்தது.

தணிகாசலத்துக்குப் பச்சை. அதைப் போட்டோ எடுத்துப் போட்டதிலிருந்து கடைத்தெருவில் அவனுக்குப் "பச்சை அண்ணாச்சி" என்றே பேர் விழுந்துவிட்டது.

"வேகம் இருக்கு உங்ககிட்ட" என்றாள் பிலோமினா. "முந்தத் தெரியலை."

"முந்த விட்டாதானே மேடம்? முன்னாடி போறது எல்லாம் ஆமை. அதுல பெரிய ஆமை எங்க வீட்டு மாப்பிள்ளை."

வீட்டு மாப்பிள்ளை பக்கத்திலேயே நின்றிருந்தான். ஏகாம்பரம். தணிகாசலத்தின் தங்கை கோமளாவைக் கட்டினவன். வாலாஜாபாத்தில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். வண்டியை ஏற்றி இறக்க ஒரு ஆள் வேண்டும் என்று அழைத்து வந்த தணிகாசலம், தன் பழைய வண்டியை அவனுக்கு ஓட்டக் கொடுத்திருந்தான்.

ஆமை என்றதற்கு ஏகாம்பரம் சிரித்தான். "வேன்ல புள்ளைங்க இருக்குமே மேடம். பழக்கம் வரலை."

ட்ராக்கில் இறங்கும் முன் வண்டிகளில் பக்கக் கண்ணாடியைக் கழற்றிவிடுவார்கள். ஏகாம்பரம் கழற்றின கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு திருதிருவென்று விழித்தான்.

"கண்ணாடி இல்லாம பின்னால வர்றவங்களுக்கு எப்படி மேடம் சைடு குடுக்கறது?"

எல்லாரும் சிரித்தார்கள். பிலோமினா சிரிக்கவில்லை.

"குடுக்காதீங்கண்ணா. இங்க யாரும் யாருக்கும் வழி விடக்கூடாது. முன்னாடி போறவர் தன் கோட்டுல நேரா போயிட்டே இருக்கணும். பின்னாடி வர்றவர்தான் சுத்திப் போகணும். நடுவுல ஒரு ஆள் படுக்கற அளவுக்கு இடம் விட்டு முந்தணும். ஏதாவது ஆச்சுன்னா முந்தினவர்தான் பொறுப்பு."

"சரிங்க மேடம்" என்றான் ஏகாம்பரம்.

ரோட்டில் இத்தனை வருஷம் ஓட்டின கை. ஹாரன் கேட்டால் தானாக இடது பக்கம் ஒடிக்கும். வாய் சரி சொன்னது கைக்குக் கேட்டிருக்குமா?

பிலோமினா தணிகாசலத்தின் பக்கம் திரும்பினாள்.

"மாப்பிள்ளைக்குப் பின்னாலயே போங்க. முந்தாதீங்க. என்ன பாத்தீங்கன்னு வந்து சொல்லுங்க."

"ஆமை பின்னாலயா?"

"ஆமை பின்னாலதான்."

போனான். வந்தான்.

"என்ன பாத்தீங்க?"

"முதுகைத்தான் பாத்தேன். சட்டை கிழிஞ்சிருக்கு."

"திரும்பப் போங்க."

போனான். பல்லைக் கடித்துக்கொண்டு போனான். எவனெவனோ அவனைத் தாண்டிப் போனான். ஹெல்மெட்டுக்குள் திட்டின திட்டு அவனுக்கே கேட்டு அலுத்துப்போச்சு. திட்டி முடித்த பிறகுதான் கண் திறந்தது.

வந்தான்.

"மேடம், அந்த ஆள் வளைவுக்கு ரொம்ப முன்னாடியே பிரேக் பிடிக்கிறான். பயந்தா தோளைத் தூக்கறான். அப்புறம் ஒண்ணு. பின்னால சத்தம் கேட்டா, முதல்ல தலை கொஞ்சம் சாயுது. அப்புறம் வண்டி இடது பக்கம் ஒதுங்குது. சொல்லியும் கேக்காம ஒதுங்கறான்."

பிலோமினா அவனை உற்றுப் பார்த்தாள். அவளுக்கு முகம் மலர்ந்தது. அவள் சொல்லிக்கொடுத்தவர்களில் இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு பார்த்தவன் யாருமில்லை.

"இப்ப உங்களுக்கு அவரைத் தெரியும்" என்றாள். "இனி முந்தலாம்."

பாடத்தை அங்கேயே விட்டுவிட்டாள். சாப்பாட்டு மணி அடித்துவிட்டது.

தட்டை வைத்துக்கொண்டு தணிகாசலம் யோசித்தான்.

நீளமாக ஒரு நேர்பாதை. அதன் முடிவில் இடது பக்கம் ஒரு வளைவு. அந்த வளைவில் வேகமாக நுழைய வேண்டுமென்றால் நேர்பாதையில் வலது ஓரமாக வர வேண்டும். எல்லாரும் வருவது அந்தக் கோட்டில்தான். ஏகாம்பரமும் அதில்தான் வருவான், மெதுவாக. அவனைச் சுற்றிப் போனால் கோடு தப்பிவிடும், வேகம் குறைந்துவிடும். வேகம் குறைந்தால் சிவப்பு இல்லை.

நான் ஏன் சுற்றிப் போக வேண்டும்?

மத்தியானம் வண்டிகள் இறங்கின. நேர்பாதை. முன்னால் ஏகாம்பரம். பின்னால் வந்த தணிகாசலம் கிளட்சைப் பிடித்துக்கொண்டு ஆக்சிலரேட்டரை ஒரு முறுக்கு முறுக்கினான். வேகம் கூடவில்லை, வண்டி உறுமியது.

ஏகாம்பரத்தின் தலை சாய்ந்தது. வண்டி இடது பக்கம் ஒதுங்கியது.

நல்ல கோடு காலியானது. தணிகாசலம் அதில் அம்பு மாதிரி போனான்.

அடுத்த சுற்றிலும் உறுமல். ஒதுங்கல். அம்பு.

அதைப் பார்த்து இன்னும் ஒருத்தன் உறுமினான். அவனுக்கும் வழி கிடைத்தது. சுவர் ஓரம் நின்று பார்த்தவர்கள் விசில் அடித்தார்கள். "அண்ணாச்சி ஹாரன் வெச்சிட்டாருடா!"

இறங்கி வந்ததும் ஏகாம்பரம் ஹெல்மெட்டைக் கழற்றினான். முகமெல்லாம் வேர்வை, வாயெல்லாம் பல்.

"மச்சான், நல்லா வழி விட்டேனா? மேடம் வேணாம்னுதான் சொன்னாங்க. ஆனா நீங்க அடிச்ச சத்தத்துல எனக்குப் புரிஞ்சிடுச்சு."

அப்போது தணிகாசலம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் செய்தான்.

"பிரமாதம் மாப்ளே. அப்படியே பண்ணு."

பிலோமினா அந்தச் சமயம் தூரத்தில் யாருக்கோ சங்கிலி இறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். விசில் சத்தம் கேட்டு நொண்டிக்கொண்டே வந்தாள்.

"எப்படி முந்தினீங்க?"

"நீங்க சொன்னபடிதான் மேடம். நேர்பாதையிலதான் முந்தினேன். தொடலை. ஒரு ஆள் என்ன, ரெண்டு ஆள் படுக்கற இடம் விட்டேன்."

அத்தனையும் நிஜம். ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

"மாப்பிள்ளை ஒதுங்கினார்னு சொல்றாங்களே, ஏன்?"

"அது அவன் பழக்கம். நான்தான் காலையிலயே சொன்னேனே."

பிலோமினா ஏகாம்பரத்தைத் தேடினாள். அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு அடுத்த சுற்றுக்கு வரிசையில் நின்றிருந்தான். "அண்ணா! ஏகாம்பரண்ணா!" என்று கையை ஆட்டினாள். உற்சாகமாக அவனும் கையை ஆட்டிவிட்டுக் கிளம்பிப் போனான்.

இசைவாணி என்று ஒரு பெண் அன்றைக்கு வந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. அவளுக்கும் பச்சைப் பட்டைதான். சொன்னதைச் சொன்னபடி செய்கிற பெண். ஏகாம்பரத்துக்குப் பின்னால் வந்தாள். அவன் வலது ஓரத்தில் போனான். இடது பக்கம் முழுக்கக் காலி. நேர்பாதை. ஒரு ஆள் படுக்கிற இடம் விட்டு, இடது பக்கம் முந்தினாள். குரு சொன்னது சொன்னபடி.

அவள் வண்டி நெருங்கின சத்தம் ஏகாம்பரத்தின் காதில் விழுந்தது.

அவன் வழி விட்டான்.

ரெண்டு பேரும் விழுந்தார்கள். இசைவாணி புல்லில் உருண்டு எழுந்துவிட்டாள். ஏகாம்பரம் எழவில்லை. சிவப்புக் கொடி ஆடியது. எல்லா வண்டியும் நின்றது.

தணிகாசலம் அப்போது ட்ராக்கின் மறுகோடியில் இருந்தான். கையெட்டுகிற தூரத்தில் இல்லை, கண்ணெட்டுகிற தூரத்திலும் இல்லை.

ட்ராக் மேனேஜர் வந்தார். கத்தரிக்கோலோடு வந்தார்.

"முந்தினது யாரு?"

"நான்தான் சார்" என்றாள் இசைவாணி. "இடம் விட்டுத்தான் சார் போனேன். அவர்தான் சார் உள்ள வந்தாரு. நேரா என் மேல வந்தாரு."

"எல்லாரும் அதைத்தான் சொல்லுவாங்கம்மா. முந்தினவங்கதான் பொறுப்பு. காலையில கேட்டீங்கல்ல?"

அவள் கையில் இருந்த பட்டையைக் கத்தரித்தார். இந்த வருஷம் முழுக்க அவள் இந்தப் பக்கம் வரக்கூடாது. அவள் அழுதுகொண்டே வண்டியின் உடைந்த துண்டுகளைப் பொறுக்கினாள். விசில் அடித்த ஒருத்தன்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

பிலோமினா தணிகாசலத்தைப் பார்த்தாள்.

"சார், நீங்க ஏதாவது சொல்லணுமா?"

"நான் அந்தப் பக்கமே இல்லையே மேடம்."

"இல்லை."

"விதி எதையாவது மீறினேனா?"

"இல்லை."



"பின்னாலயே போய்ப் பாக்கத்தான் சொன்னீங்க. பாத்தேன்" என்றான் அவன். "கத்துக் குடுத்தது நீங்கதானே?"

பிலோமினாவுக்கு அடி அங்கேதான் விழுந்தது. அவள் அதை மறுக்கவில்லை. சட்டைப்பையில் கைவிட்டு ஒரு சிவப்புப் பட்டையை எடுத்தாள்.

"வேகம் சரியா இருக்கு. விதியும் சரியா இருக்கு. கையை நீட்டுங்க."

அவன் தயங்கினான். ஆனால் நீட்டினான்.

பச்சையை அவிழ்த்தாள். சிவப்பைக் கட்டினாள். முடிச்சு அவிழாதபடி இறுக்கிக் கட்டினாள்.

"இதோட போய் மாப்பிள்ளையைப் பாருங்க."

முதலுதவி அறை சின்னது. ஒரே ஒரு கட்டில். ஆம்புலன்ஸ் வந்துகொண்டிருந்தது. ஏகாம்பரத்தின் வலது தோளைத் துணியால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். காரை எலும்பு முறிந்து, தோள் மூட்டும் நழுவியிருந்தது. மறுபடி ஸ்டியரிங் பிடிக்க முடியுமா என்று கேட்டதற்கு டாக்டர் பதில் சொல்லாமல் கை கழுவப் போய்விட்டார்.

"வாங்க மச்சான்" என்றான் ஏகாம்பரம். குரல் உலர்ந்திருந்தது. "நாளைக்கு வேனை யாரு எடுப்பா? ஸ்கூல்ல வேற ஆள் போட்டுட்டா அப்புறம் என்னைக் கூப்பிட மாட்டாங்க."

"அதெல்லாம் பாத்துக்கலாம். நீ பேசாம படு."

"அந்தப் பொண்ணு மேல தப்பு இல்லை மச்சான். நான்தான் வழி விட்டேன். உங்களுக்கு விட்ட மாதிரியேதான் விட்டேன். இந்தத் தடவை எப்படியோ தப்பாப் போச்சு. நீங்க சொன்னா கேப்பாங்க. கொஞ்சம் சொல்லிடுங்க."

தணிகாசலம் ஜன்னலைப் பார்த்தான். வெளியே இசைவாணியின் வண்டியை ஒரு குட்டியானை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"சரி, சரி" என்றான்.

வெளியே வண்டி கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. அவன் நின்ற இடத்தில் நின்றான்.

ஏகாம்பரத்தின் கண் அவன் கைக்குப் போனது.

"மச்சான்! சிவப்பு!"

அந்த வலியிலும் அவனுக்குச் சந்தோஷம்.

"கிடைச்சிடுச்சா! இனிமே எவனாவது பச்சைன்னு கூப்பிடட்டும். கோமளா கேட்டா நானே விழுந்துட்டேன்னு சொல்லிக்கறேன். உங்களைத் திட்டப் போறா பாவம்."

தணிகாசலம் பட்டையை மறைக்கிற மாதிரி மறு கையை அதன் மேல் வைத்துக்கொண்டான்.

"என்ன மச்சான், நின்னுக்கிட்டே இருக்கீங்க?"

அந்த அறையில் நாற்காலி இல்லை.

ஏகாம்பரம் நல்ல கையைக் கட்டிலில் ஊன்றினான். தலை கொஞ்சம் சாய்ந்தது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அடிபட்ட மாட்டுக்கு வருகிற சத்தம். உடம்பை இழுத்து இழுத்து இடது பக்கம் ஒதுங்கினான். கட்டிலில் ஒரு ஆள் உட்காருகிற அளவுக்கு இடம் விட்டான்.

"வாங்க."

கெட்டிக்காரன் உட்கார்ந்தான்.