அக்கரையில் கவர்னர் வீட்டுக் கல்யாணம்

அமெரிக்காவில் ரயில் புதிதாக ஓடத் தொடங்கியிருந்த காலம். அங்கே ஒரு மாநிலத்தில் கவர்னருக்கும் துணை கவர்னருக்கும் தனித்தனியாக ஓட்டுப் போடுவார்கள். அந்த வருடம் ஜனங்கள் ஒரு வேடிக்கை செய்தார்கள். ஹோசியா வெண்டலைக் கவர்னராக்கினார்கள். அவருடைய பரம வைரி லூசியஸ் பிராட்டைத் துணை கவர்னராக ஜெயிக்க வைத்துவிட்டார்கள்!

கவர்னர் எல்லையைத் தாண்டினால், திரும்பும்வரை துணை கவர்னர்தான் கவர்னர். இது சட்டம். வெண்டல் ஒருமுறை குதிரை வாங்க ஆற்றைக் கடந்தார். அக்கரை வேறு மாநிலம். திரும்பி வந்தால், அவர் ஆட்களில் பாதிப் பேருக்கு வேலை போயிருந்தது.

அதோடு அவர் ஆற்றுப் பக்கமே போவதில்லை. ஆனால் மகள் அபிகேலுக்கு அக்கரைத் தேவாலயத்தில் கல்யாணம் நிச்சயமாயிற்று. காரியதரிசி எஸ்ரா பிக்கெட்டைக் கூப்பிட்டார்.

"நான் கல்யாணத்துக்குப் போகவேண்டும். பிராட் என் நாற்காலியில் உட்காரக் கூடாது. முடியாவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள்!"

"அவ்வளவுதானே ஐயா?" என்றான் பிக்கெட். நேரே பிராட்டிடம் போனான்.

"கவர்னர் நாளை அக்கரைக்குப் போகிறார். ஆனால் போகவே இல்லை என்று சாதிப்பார். கல்யாணத்துக்கு வருபவர்கள் எல்லாம் அவர் சொந்தக்காரர்கள். உங்களுக்கு யார் சாட்சி சொல்வார்கள்?"

"வேறு யாரையும் நம்பமாட்டேன். நானே போய்ப் பார்க்கிறேன்!"

மறுநாள் பிராட் முதல் ஆளாகப் போய்த் தேவாலயத்தின் முன்வரிசையில் உட்கார்ந்தார். மகளின் கையைப் பிடித்தபடி வெண்டல் உள்ளே வந்தார். பிராட் துள்ளி எழுந்தார்.

"பார்த்துவிட்டேன்! எல்லை தாண்டிவிட்டீர்! இனி நான்தான் கவர்னர்!"

வெண்டலுக்கு முகம் வெளுத்துவிட்டது. பிக்கெட் பணிவாகக் கேட்டான்:

"நீங்கள் இப்போது எந்த மாநிலத்தில் நிற்கிறீர்கள் ஐயா?"

பிராட் குனிந்து தன் காலடித் தரையைப் பார்த்தார்.

"இரண்டு பேரும் வெளியே இருந்தால் மேல்சபைத் தலைவர்தான் கவர்னர். அவர் எங்கள் கட்சிக்காரர். காலையிலிருந்து நாற்காலியில்தான் இருக்கிறார்."

பிராட் ஆற்றங்கரைக்கு ஓடினார். இருந்த ஒரே படகும் கட்டிக் கிடந்தது. படகுக்காரன் தேவாலய வாசலில் பிடில் வாசித்துக்கொண்டிருந்தான். விருந்து முடியாமல் கிளம்பமாட்டானாம். பிராட் தண்ணீரைப் பார்த்தபடி கரையிலேயே நின்றார்.

வெண்டல் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "பிக்கெட், என்ன வேண்டுமோ கேள்!"

"அடுத்த தேர்தலிலும் இவரையே ஜெயிக்க வையுங்கள் ஐயா. நீச்சல் தெரியாத துணை கவர்னர் லேசில் கிடைக்கமாட்டார்."