வெயில் தள்ளிய குடை

கருவேலங்குளம் ஜமீன்தாருக்குக் குடை பிடிப்பவன் மாடக்கண்ணு. நின்றபடியே தூங்குவதில் அவனுக்கு ஈடு லாயத்துக் குதிரைகள்தான். ஒருநாள் முற்றத்துக் கொலுவில் பிரதானிகள் சூழ ஜமீன்தார் தம் பெருமையைத் தாமே பேசிக்கொண்டிருக்க, குடை சாய்ந்து அவர் தலைப்பாகையைத் தட்டிவிட்டது.

“என்னடா இது?”

“வெயில் தள்ளிவிட்டுடுச்சு, மகாராசா!” வாய்க்கு வந்ததை உளறினான்.

“வெளிச்சம் தள்ளுமா? விளக்கு வைக்கிறதுக்குள்ள நிரூபி. இல்லேன்னா முதுகுத் தோலை உரிச்சிடுவேன்.”

அந்தியில் மேற்கே வால் நட்சத்திரம் தெரிந்தது. மாடக்கண்ணு பிழைத்தோம் என்று அதைக் காட்டினான்.

“சூரியன்கிட்ட வந்தப்ப இதுக்கு வால் பின்னாடி இருந்துச்சு. இப்ப விலகிப் போகுது, வால் முன்னாடி போகுது. வால்ங்கிறது வெறும் தூசி, வெளிச்சம் அதை எப்பவும் அப்பால தள்ளுது மகாராசா. நாங்க உங்களுக்கு முதுகு காட்டாம பின்னாலேயே நடந்து வெளிய போறோமே, அது மாதிரி.”

அரண்மனை ஜோசியரும் ஆமென்று தலையாட்டினார். ஜமீன்தாருக்கு உச்சி குளிர்ந்தது. “அப்ப நான்தான் சூரியன்!”

“ஆமா மகாராசா. ஆனா வெளிச்சத்துக்குப் பலம் ரொம்பக் கம்மி. கனமானது அசையாது. தூசிதான் ஓடும்.”

“என் குடை என்ன தூசியாடா?”

“குடை இல்ல மகாராசா, பிடிச்சவன்.”

ஜமீன்தார் குலுங்கிச் சிரித்தார். முதுகு தப்பியது. ஆனால் கொலு கலைந்தபோது, பின்னாலேயே நடந்து தூசி என்று பேரெடுக்கப் பிரதானிகள் ஒருவருக்கும் மனம் வரவில்லை. மாடக்கண்ணு மட்டும் விறுவிறுவென்று பின்னால் நடந்து, தூணில் மண்டையை இடித்துக்கொண்டான்.