நடுவில் நின்ற தலைவர்

வெளிநாட்டுக்காரர்கள் உதவியோடு எச்.ஐ.வி. மருந்து வண்டி ஓட்டுகிற தொண்டு அமைப்புகளின் மண்டலக் கூட்டமைப்புக்குக் கனகசபாபதிதான் தலைவர். ஒருநாள், மருந்து வாங்க வந்த பெண்களை நிறுத்தி, "முகம் தெரியப் படம் எடுத்துப் பேப்பர்ல போடணும். உதவி பண்றவங்க பார்க்கணுமில்ல? மாட்டேன்னா நாளைக்கு வண்டி வராது" என்று அதட்டினார். பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள்.

டீ கொடுக்க வந்த முத்துப்பேச்சி மெதுவாகச் சொன்னாள்: "எடுக்கலாங்கய்யா. நீங்க நடுவுல நில்லுங்க. கீழே 'எச்.ஐ.வி. உள்ளவங்க'ன்னு மட்டும் போடட்டும்."

தலைவர் பதறிப்போனார். "ஐயையோ, என் பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துட்டிருக்கோம்மா!"

"இவங்க வீட்லயும் பொண்ணு இருக்குதுங்கய்யா."

கடைசியில் தலைவரும் சேர்ந்து எல்லாரும் முதுகைக் காட்டி நின்றுதான் படம் எடுத்தார்கள். வண்டியும் நிற்கவில்லை. பேப்பரில் யாரையும் அடையாளம் தெரியவில்லை. கொண்டைகளுக்கு நடுவே பளபளத்த அந்த ஒரு வழுக்கையைத் தவிர.