இடம் தெரியாத பன்னிரண்டு புத்தகங்கள்

திருமேனி கேட்ட கேள்வி சின்னது. பதில் வர நாலு நாள் ஆனது.

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் நடந்தது இது. நான் அங்கே தினமும் பேப்பர் படிக்கப் போகிறவன். வாசலை ஒட்டிய பெஞ்சு என்னுடையது. கவுண்டரில் பேசுவது அங்கே நன்றாகக் கேட்கும். கேட்காதே என்று யாரும் சொல்லவில்லை.

திருமேனி அங்கே உதவியாளன். வயது நாற்பத்து மூன்று. பதினாலு வருஷமாக வேலை. நூலகர் எஸ்தருக்கு முப்பத்தைந்து. வந்து இரண்டு வருஷம்தான். ஆனாலும் அவள்தான் குரு. டீ குடிக்கிற நேரத்தில் பாடம் சொல்லியே அவனை ஒரு வருஷ நூலக அறிவியல் இளங்கலை பாஸ் பண்ண வைத்தவள். குருவுக்குத் தாடி இருக்க வேண்டும் என்று சட்டமா என்ன?

புதன்கிழமை காலை, முதுகலைக்கான விண்ணப்பத்தை அவள் முன்னால் வைத்தான். பரிந்துரைக்கு அவள் கையெழுத்து வேண்டும்.

"திங்கட்கிழமை அஞ்சு மணியோட முடியுது மேடம். முதல் வருஷக் கட்டணம் பதினாறாயிரம்."

"இருக்கா?"

"வீட்டுல சீட்டு எடுத்துட்டா. தையல் மெஷினுக்கு மோட்டார் மாட்டுறதா இருந்தா. 'நீங்க படிங்க, நான் இன்னும் ஒரு வருஷம் மிதிக்கிறேன்'னுட்டா."

"அப்புறம் என்ன?"

"'எதுக்குப் படிக்கிறீங்கன்னு சொல்லிட்டுக் கட்டுங்க'ங்கிறா. சம்பளம் கூடும்னேன். எப்பன்னு கேட்டா. வாயை மூடிக்கிட்டேன்." தலையைச் சொறிந்தான். "நீங்களே சொல்லுங்க. எனக்குத் தெரியாத புத்தகம் இங்க ஒண்ணு கிடையாது. அப்புறம் எதுக்கு மேடம் இன்னொரு படிப்பு?"

எஸ்தர் விண்ணப்பத்தைப் புரட்டினாள். 'இப்படிப்பை ஏன் தேர்ந்தெடுக்கிறீர்கள்?' என்று ஒரு கட்டம். அவன் எழுதியிருந்ததைச் சத்தமாகப் படித்தாள்.

"'இங்குள்ள எந்தப் புத்தகத்தையும் ஒரு நிமிடத்தில் எடுத்துக் கொடுப்பேன். நான் இல்லாமல் இந்த நூலகம் ஒரு நாள்கூட நடக்காது.'"

"உண்மைதானே மேடம்?"

உண்மைதான். நான் சாட்சி. 'அந்தப் பச்சை அட்டை' என்று சொன்னால் போதும், புத்தகம் கைக்கு வந்துவிடும். பதினாலு வருஷத்தில் நான் அலமாரிப் பக்கம் போனதே இல்லை.

"உண்மைதான்," என்றாள் எஸ்தர். "நாளைக்கு நீங்க வாசகர். அந்தப் பெஞ்சுல உக்காருங்க. எழுந்திரிக்கக் கூடாது. வாயைத் திறக்கக் கூடாது."

"வேலை?"

"நான் பாத்துக்குறேன்."

வியாழக்கிழமை என் பெஞ்சில் வந்து உட்கார்ந்தான். பாதி இடம் போயிற்று.

"தள்ளி உக்காருப்பா."

"ஐயா, இன்னைக்கு நான் வந்து..."

"வாயைத் திறக்கக் கூடாதுன்னாங்கல்ல?"

மூடிக்கொண்டான்.

பதினொன்றரைக்கு ஒரு பெண் வந்தாள். கண்ணாடி போட்டவள், பஸ்ஸில் வந்த களைப்பு.

"மேடம், குட்டையில மீன் வளர்க்கிறதைப் பத்திப் புத்தகம் வேணும். லோன் போட்டிருக்கேன். திங்கட்கிழமை பேங்க்ல நேர்ல வரச் சொல்லியிருக்காங்க. மேனேஜர் ஏதாவது கேட்டா நான் முழிக்கக் கூடாது."

எஸ்தர் பதிவேட்டைப் பார்த்தாள். மூன்று பிரதி இருப்பதாக இருந்தது. எண்ணைக் குறித்துக்கொண்டு அலமாரிக்குப் போனாள். அந்த எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. மேல்தட்டைப் பார்த்தாள். முட்டி போட்டுக் கீழ்த்தட்டைப் பார்த்தாள். பக்கத்து வரிசையையும் விடவில்லை. புடவை முழுக்கத் தூசி.

இவன் கால் தடதடவென்று ஆடியது. பெஞ்சே ஆடியது.

"என்ன?" என்றேன்.

கண்ணால் காட்டினான். அவன் மேஜைக்குக் கீழே.

"பன்னெண்டு மணி பஸ்ஸை விட்டா நாலு மணிக்குத்தான் மேடம்," என்றாள் அந்தப் பெண். "பரவால்ல."

"சனிக்கிழமை வாங்க."

"இருக்குமா?"

"இருக்கும்."

அவள் கேட்டைத் தாண்டும்வரை பொறுத்தான். அப்புறம் பாய்ந்தான். மேஜைக்குக் கீழே கையை விட்டு ஒரு புத்தகத்தை உருவிக்கொண்டு ஓடினான். செருப்புகூடப் போடவில்லை. பத்து நிமிஷம் கழித்து வேர்வையோடு திரும்பினான். புத்தகம் கையிலேயே இருந்தது.

"பஸ் போயிடுச்சு."

"எங்க இருந்தது?" என்றாள் எஸ்தர்.

"என் மேஜைக்குக் கீழ. அடிக்கடி கேக்குற புத்தகமெல்லாம் அங்கதான் மேடம். பேப்பர் ஸ்டாண்டுக்குப் பின்னாடி கொஞ்சம். பீரோ மேல கொஞ்சம். கைக்கு வசதியா இருக்கட்டும்னு."

"யார் கைக்கு?"

அவன் பேசவில்லை. இந்த முறை யாரும் தடை போடவில்லை.

அவள் டிராயரைத் திறந்து ரப்பர் பேண்ட் போட்ட துண்டுத்தாள் கட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். "போன மாசம் உங்களுக்கு அம்மை போட்டு ஒன்பது நாள் வரலை. அப்ப எழுதி வெச்சது."

இருபத்தாறு தாள்கள். ஒவ்வொன்றிலும் ஒரு புத்தகத்தின் பெயரும் அதைக் கேட்டு வந்து வெறுங்கையோடு போன ஆளின் பெயரும் இருந்தன. ஒன்றில் என் பெயர்.

திருமேனி ஒவ்வொன்றாகப் படித்தான். "எல்லாமே இருக்கு மேடம். ஒண்ணுகூடத் தொலையலை."

"தெரியும்."

"ஒரு போன் பண்ணியிருந்தா சொல்லியிருப்பேனே?"

"காய்ச்சல்ல கெடக்குற மனுஷனை எழுப்பியா?"

வெள்ளிக்கிழமை வார விடுமுறை. பழக்கதோஷத்தில் நான் அந்தப் பக்கம் போனேன். ஷட்டர் பாதி தூக்கியிருந்தது. குனிந்து உள்ளே போனேன்.

தரையெல்லாம் புத்தகம். திருமேனி பனியனோடு நடுவில் உட்கார்ந்திருந்தான்.

"நூத்திப் பதினேழு ஐயா."

"எது?"

"நான் எனக்கு வசதியா வெச்சிருந்தது."

புத்தக முதுகில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றையும் அதனதன் தட்டில் கொண்டுபோய் வைத்தான். மத்தியானம் வரை சுறுசுறுப்பு. அப்புறம் நின்றுவிட்டான். தரையில் பன்னிரண்டு புத்தகங்கள் பாக்கி. யாரோ எப்போதோ நன்கொடை கொடுத்தவை. எண்ணே போடவில்லை. திருமேனிக்கு இடம் தெரியும் என்பதால் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினான். "ஆட்டுக்கு வர்ற நோய்க்கு மருந்து. இதை ஆட்டோட வைக்கவா, மருந்தோட வைக்கவா ஐயா?"

"என்னைக் கேட்டா? நீதானே எல்லாம் தெரிஞ்சவன்?"

"இதைப் பாருங்க. ஒரு படகுக்காரர் எழுதினது. பாதி சமையல், பாதி கடல்."

"கேட்டவனுக்கு எடுத்துக் கொடுக்கத் தெரியுமில்ல, வைக்கத் தெரியாதா?"

அதற்கு அவன் கோபப்படவில்லை. பன்னிரண்டையும் அடுக்கி எஸ்தர் மேஜைமேல் வைத்தான். ஷட்டரை இறக்கும்போது இருட்டத் தொடங்கியிருந்தது.

சனிக்கிழமை காலை எஸ்தர் அந்த அடுக்கைப் பார்த்தாள்.

"இதென்ன?"

"இதுக்கெல்லாம் எந்த இடம்னு தெரியலை மேடம்."

"ரெண்டு வருஷத்துல உங்க வாயில தெரியலைங்கிற வார்த்தையை இப்பதான் கேக்குறேன்," என்றாள். "போய்ப் பெஞ்சுல உக்காருங்க."

"மறுபடியுமா?"

"மறுபடியும்."

வந்து உட்கார்ந்தான். நானே தள்ளிக்கொண்டேன்.

அந்தப் பெண் சொன்னபடி வந்தாள். எஸ்தர் எண்ணை எழுதிக் கொடுத்து வரிசையைக் காட்டினாள். அவ்வளவுதான், கூடப் போகவில்லை. அந்தப் பெண் புத்தக முதுகுகள்மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனாள். நின்றாள். உருவினாள். பக்கத்திலேயே கோழி வளர்ப்பு இருந்தது. அதையும் எடுத்துக்கொண்டாள். கவுண்டரில் தேதி முத்திரை போட்டு வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். பெஞ்சில் இருவர் இருந்ததை அவள் பார்க்கவே இல்லை.

அன்றைக்கு நாற்பது பேராவது வந்திருப்பார்கள். வந்தார்கள், எடுத்தார்கள், போனார்கள். நானும் எழுந்து போய் என் பச்சை அட்டைப் புத்தகத்தைத் தேடினேன். மூன்று நிமிஷம் ஆயிற்று. ஆனால் கிடைத்தது.

சாயங்காலம் எஸ்தர் அவனைக் கூப்பிட்டாள். விண்ணப்பத்தைத் திறந்து அந்தக் கட்டத்தில் விரல் வைத்தாள்.

"இது இப்படியே போகட்டுமா?"

அவன் பேனாவை வாங்கினான். எழுதியிருந்த இரண்டு வரியையும் அடித்தான். கீழே எழுதினான். அவள் அதைச் சத்தமாகப் படித்தாள்.

"'பன்னிரண்டு புத்தகங்களுக்கு இடம் தெரியவில்லை.'"

"போதுமா மேடம்? இருநூறு வார்த்தை கேட்டிருக்காங்க."

"போதும்."

கையெழுத்துப் போட்டாள். முத்திரையும் குத்தினாள். அவன் விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு கிளம்பவில்லை. அங்கேயே நின்றான். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"என்ன?"

"காலையிலேர்ந்து அந்தப் பெஞ்சுலதான் உக்காந்திருந்தேன் மேடம். பதினாலு வருஷம் ஆச்சு எனக்கு இங்க. இன்னைக்கு ஒருத்தர்கூட என்னைத் தேடலை."

"புத்தகம் கிடைச்சுதா அவங்களுக்கு?"

"எல்லாருக்கும் கிடைச்சுது."

எஸ்தர் முத்திரைப் பெட்டியை மூடினாள்.

"வீட்டுல எதுக்குன்னு கேட்டா, யாரும் என்னைத் தேடாமலே புத்தகம் கிடைக்கிறதுக்குத்தான்னு சொல்லிட்டுக் கட்டுங்க. திங்கட்கிழமை அஞ்சு மணிக்குள்ள."