நூற்றுப் பன்னிரண்டு குதிரைத்திறன்

கோவையில் பந்தயக் கார்களுக்கு என்ஜின் பார்ப்பவர் ஹென்றி மாஸ்டர். அவரிடம் தொழில் படித்தவர்களில் ஜெகநாதனும் ஒருவர். குருவைவிட நான்கு வயது மூத்த சீடர்.

ஒரு சனிக்கிழமை, தன் பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரோடு வந்தார். கல்யாணமான புதிதில் மனைவி வத்சலாவோடு சுற்ற வாங்கிய இரண்டு சீட்டு வண்டி.

"புகைக்குழாய், சைலன்சர் எல்லாம் மாத்திட்டேன் மாஸ்டர். பவர் எவ்வளவு ஏறியிருக்குன்னு அளந்து சொல்லுங்க."

"எதுக்குங்கண்ணா இந்த வயசுல?"

"வத்சலா வண்டியில ஏற மாட்டேங்கறா. 'முன்ன மாதிரி இல்லீங்க, நீங்க மட்டும் போய்ட்டு வாங்க'ன்னுட்டா. வண்டியில இழுவை போச்சு. அதைத்தான் சொல்றா."

மாஸ்டர் கார் சாவியை வாங்கிக்கொண்டார். காரை, குதிரைத்திறன் அளக்கும் மெஷினின் உருளைகள்மேல் ஏற்றி, பட்டைகளால் இழுத்துக் கட்டினார். உள்ளே உட்கார்ந்து பெடலைத் தரையோடு மிதித்தார். கூரைத் தகரம் அதிர்ந்தது. திரையில் நூற்றுப் பன்னிரண்டு என்று வந்தது. போன மாதம் பழைய குழாயோடு அளந்தபோது தொண்ணூற்றெட்டு.

ஜெகநாதன் கைதட்டினார். "பதினாலு குதிரை! நாளைக்கே ஊட்டிக்குக் கூப்பிடறேன். இனி என்ன சொல்றான்னு பார்க்கறேன்."

"இந்தச் சத்தத்துல என்ன சொன்னாலும் உங்களுக்குக் கேக்காதுங்கண்ணா." மாஸ்டர் என்ஜினை நிறுத்தினார். "அந்தக் காலத்துல ஊட்டிக்கு எப்படிப் போவீங்க?"

ஜெகநாதன் சிரித்தார்.

"அதை ஏன் கேக்கறீங்க. மேட்டுப்பாளையம் தாண்டினதும் கதை ஆரம்பிச்சிருவா. சித்தி வீட்டுச் சண்டை, ஆபீஸ் டைப்பிஸ்ட்டைப் பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளை. வளைவுல வேகமாத் திருப்பினா கதை அறுந்துருமேன்னு உருட்டிக்கிட்டே போவேன். லாரிக்காரன்கூடத் திட்டிட்டுத் தாண்டிப் போவான். பர்லியாறுல பலாச்சுளை வாங்கி மடியில வச்சுக்குவா. வாயில சுளை, அப்பவும் பேச்சு. குன்னூர் வந்தும் கதை முடிஞ்சிருக்காது. வண்டியை ஓரங்கட்டி, முழுசாக் கேட்டுட்டுத்தான் மேல போவோம்."

"இப்பப் போறப்ப?"

"இப்ப எங்க இழுவை குறையுதுன்னு காதைத் தீட்டி வச்சுக்கிட்டே ஓட்டுவேன். அவ வாயைத் திறந்தா, 'ஷ், கொஞ்சம் பேசாம வா'ம்பேன்."

சொல்லிவிட்டு, காலியாக இருந்த இடது சீட்டைப் பார்த்தார்.

மாஸ்டர் குனிந்து பட்டைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார்.

"அன்னைக்கு அவங்களைக் கூட்டிட்டுப் போறப்ப, பெடலை எவ்வளவு மிதிப்பீங்க?"

"பாதிகூட மிதிச்சிருக்க மாட்டேன்."

"நீங்க மிதிக்காம விட்ட மிச்சத்தைத்தாங்கண்ணா இப்ப அளந்தோம்."