குடை பிடிக்கப் படித்தவர்களும் மீன் முள்ளும்

வெண்குன்ற நாடு என்று எந்தக் காலத்திலேயோ ஒரு நாடு இருந்தது, அதைச் சேதிராயர் என்று ஒரு ராஜா ஆண்டுகொண்டிருந்தார். நல்ல மனுஷர்தான், குறை சொல்லக் கூடாது. ஆனால் காலையில் ஒரு பேச்சு, சாயங்காலம் ஒரு பேச்சு. அவர் சபையிலே ஒரு வழக்கம் உண்டு. ராஜாவைப் பார்த்து யாரும் 'ஏன்' என்று கேட்கக் கூடாது. கேட்டால் பதவி போச்சு! அந்த ஒரு சொல்லை விழுங்கி விழுங்கியே மந்திரி மருதவாணருக்குத் தலை நரைத்துவிட்டது.

ஒருநாள் உச்சி வெயிலில், மந்திரி அப்பாடா என்று காலை நீட்டிய நேரம் பார்த்து அரண்மனையிலிருந்து ஆள் வந்தது.

"இந்த மனுஷருக்கு இன்றைக்கு என்ன வந்துதோ, போ" என்று முனகிக்கொண்டே தலைப்பாகையைச் சுற்றிக்கொண்டு கிளம்பினார்.

அரண்மனை வாசலில் ஒரே கூட்டம். எல்லாம் ராஜாங்கக் கலாசாலையில் படித்துப் பட்டம் வாங்கிய பிள்ளைகள். எங்கே போய்க் கேட்டாலும் வேலை இல்லை என்று முறையிட வந்து, வெயிலில் காய்ந்துகொண்டு நின்றார்கள்.

உள்ளே ராஜா சாப்பிட்டு முடித்துக்கொண்டிருந்தார். காதோரம் கலாசாலைத் தலைவர் விடங்கராயர். மந்திரி பதவி மேல் அவருக்கு ரொம்ப நாளாகவே ஒரு கண்.

"அத்தனையும் சோம்பேறிகள் மகாராஜா! என் கலாசாலையில் ஒரு குறையும் கிடையாது. உப்பளத்துக்கு அனுப்புங்கள், உடம்பு தானாக வளையும்."

"பிரமாதம்! மந்திரி, சோம்பேறிகள் என்று தண்டோரா போட்டு, சாயங்காலத்துக்குள் அனுப்பிவிடும்" என்றார் ராஜா.

உப்பளத்துக்குப் போன பிள்ளை எந்த முகத்தோடு வீடு திரும்பும்? 'ஏன்' என்கிற சொல் மந்திரியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கஷ்டப்பட்டு விழுங்கினார். அப்போதுதான் ராஜாவின் தட்டு கண்ணில் பட்டது. விரால் மீனைச் சுத்தமாக வழித்துத் தின்று, முள்ளை மட்டும் வைத்திருந்தார்.

மந்திரி அடுப்பங்கரையிலிருந்து ஒரு கரித்துண்டு வாங்கிவரச் செய்து, முழங்கால் வலியோடு தரையில் உட்கார்ந்து, அந்த முள்ளைப் போலவே பெரிதாக ஒன்று வரைந்தார். தலைப்பக்கம் 'வேலை இல்லை' என்று எழுதினார்.

"இதென்ன கூத்து?" என்றார் ராஜா.

"தலையில் இருப்பது நோவு மகாராஜா. ஒவ்வொரு முள்ளும் ஒரு காரணம். காரணத்துக்குக் காரணம் குட்டி முள். ஏன் ஏன் என்று கேட்டுக்கொண்டே போனால் நோவு பிறந்த இடம் வந்துவிடும். ஆனால் இந்தச் சபையில் அதை யாரிடமும் பயமில்லாமல் கேட்கக் கூடியவர் தாங்கள் ஒருவர்தான்" என்று கரித்துண்டை நீட்டினார்.

ராஜாவுக்குக் குஷி வந்துவிட்டது. வேட்டியை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். மிளகு வியாபாரியைக் கூப்பிட்டார்.

"எங்கள் பிள்ளைகளை ஏன் வேலைக்கு வைக்கவில்லை?"

"தராசு பிடிக்கத் தெரியலீங்க மகாராஜா. கணக்கும் வரலீங்க."

ஒரு முள். வாத்தியார் ஒருவரைக் கூப்பிட்டார். "கணக்கு ஏன் வரவில்லை?"

"பாடத்துக்கு நேரமில்லை மகாராஜா. குடை பிடிக்கும் கலைக்கே பொழுது சரியாகப் போய்விடுகிறது."

ஏரிக் காவல் அதிகாரி வந்தார். "மதகு திறக்கத் தெரியவில்லை. இவர்கள் மதகைப் பார்த்ததே இல்லையாம்."

"ஏன் பார்க்கவில்லை?"

"அந்த நேரத்திலும் குடைப் பழக்கம்தான்" என்றார் அதே வாத்தியார்.

எந்த முள்ளைப் பிடித்து இழுத்தாலும் குடையிலே வந்து நின்றது. ராஜா முழித்தார். "எல்லாருமா குடை படித்தார்கள்? நாட்டில் ராஜா நான் ஒருத்தன்தானே ஐயா!"

மந்திரி சாதுவாக வாயைத் திறந்தார். "இவ்வளவு நுட்பமான பாடத்தைக் கொண்டுவந்த பெரியவர் யாரோ? சபை தெரிந்துகொள்ளட்டுமே."

விடங்கராயருக்குப் பெருமை தாங்கவில்லை. "நான்தான்! வேறு யாருக்கு இந்த யோசனை வரும்?" என்று முன்னால் வந்து நின்றார்.

"ஏன் கொண்டுவந்தீர்?" என்றார் ராஜா.

"தாங்கள்தானே தேர்த் திருவிழாவில் சொன்னீர்கள், இந்த நாட்டில் ஒருத்தனுக்காவது ஒழுங்காகக் குடை பிடிக்கத் தெரிகிறதா என்று! அன்றைக்கே மற்ற பாடத்தையெல்லாம் குறைத்துவிட்டேன்."

"அடப்பாவி! அன்றைக்கு மூஞ்சியில் வெயில் அடித்தது. எரிச்சலில் சொன்னேன்யா!"

இன்னும் ஒரு குட்டி முள் எழுதாமல் பாக்கி இருந்தது. அதில் என்ன எழுத வேண்டும் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. ராஜாவுக்குக் கோபம் வந்தால் முதலில் போகிற தலை மந்திரியுடையதுதான்.

ராஜா கரித்துண்டோடு அந்த முள்ளின் பக்கம் குனிந்தார். 'விடங்கராயன்' என்று எழுதி, அதன் அடியில் 'நான்' என்றும் எழுதினார்.

"உப்பளம் வேண்டாம். பிள்ளைகள் ஒரு வருஷம் கடையிலும் ஏரியிலும் அரண்மனைச் செலவில் தொழில் பழகட்டும்" என்று சொல்லி, கழுத்து முத்துமாலையைக் கழற்றி நீட்டினார்.

"மாலையைப் போட்டால் எனக்குக் கழுத்து வலிக்கும் மகாராஜா. வாசலில் நிற்கிறவர்கள் சோம்பேறிகள் இல்லை என்று தங்கள் வாயால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், போதும்" என்றார் மந்திரி. அவருக்கு உண்மையிலேயே அசதியாக இருந்தது.

ராஜா வாசலுக்கு வந்தார். "பிள்ளைகளா, தப்பு உங்கள் மேல் இல்லை. என் மேல்தான்."

யாரும் வாழ்க போடவில்லை. முன்னால் நின்ற ஒரு பையன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டான்: "இதை எங்க வீட்டுல வந்து சொல்லுவீங்களா மகாராஜா? நான் சொன்னா எங்கப்பா நம்ப மாட்டாரு."

"எங்க வீட்டுலயும்" என்றான் இன்னொருத்தன். "எங்க வீட்டுலயும்" என்று கூட்டமே சொன்னது.

ராஜா திரும்பி மந்திரியைப் பார்த்தார். "போய்த்தான் ஆகணும்" என்றார் மந்திரி.

போனார். வீடு வீடாகப் போனார். ராஜாவின் உத்தரவுப்படி விடங்கராயர் குடை பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். ஊருக்கெல்லாம் அந்தப் பாடத்தை வைத்தவர், ஒருநாளும் குடையைக் கையால் தொட்டதில்லை. வழி நெடுக வெயில் ராஜாவின் முகத்திலேயே விழுந்தது. ராஜா ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. முணுமுணுத்தால் அதையும் யாராவது பாடமாக்கிவிடுவார்களோ என்று பயம்.