திரும்பி வந்த பஞ்சு

ராணிப்பேட்டை மல்யுத்தக் கழகத்தை நாற்பது வருஷம் கட்டி மேய்த்தவர் சிகாமணி வாத்தியார். ஆட்டோவில் மைக் கட்டித் தெருத்தெருவாகப் போய்க் குஸ்திக்குப் பிள்ளை பிடித்தவர். இந்த வருஷம் முழங்கால் ஒத்துழைக்கவில்லை. பயிற்சியாளர் நாற்காலியைச் சிஷ்யன் தனபாலிடம் கொடுத்துவிட்டு, மாநில அணித் தேர்வுப் போட்டியைப் பார்க்க வந்த கூட்டத்தோடு போய் உட்கார்ந்துவிட்டார்.

தனபாலுக்கு வயதென்னவோ நாற்பதுக்கு மேல். ஆனாலும் அன்று பயம் விடவில்லை. வாத்தியார் எழுந்தார், கழகம் படுத்தது என்று ஊர் சொல்லிவிடக் கூடாதே. கழகத்துப் பிள்ளைகள் எல்லோரும் தோற்று மூட்டை கட்டியாயிற்று. மிச்சம் தர்ஷினி ஒருத்திதான். இந்த இறுதி ஆட்டத்தில் ஜெயித்தால் அவளுக்கு மாநில அணியில் இடம்.

அரங்கம் அதிர்ந்தது. தர்ஷினி ஒரு புள்ளி எடுத்தால் எதிரே நின்ற சேலத்துப் பெண்ணும் ஒன்று எடுத்தாள். தனபாலால் நாற்காலியில் இருப்புக் கொள்ளவில்லை. "தலையை விடாதே, பிடி, பிடி" என்று கத்தியே தொண்டை கட்டிவிட்டது.

ஆட்டம் முடியப் போகிற நேரம். இருவரும் சமம். சேலத்துப் பெண் நெஞ்சைக் கொடுத்துத் தள்ளினாள். வட்டத்தின் ஓரத்தில் தர்ஷினி தடுமாறினாள். கால் வெளியே போய்விட்டது என்று நடுவர் கையைத் தூக்கினார். சேலத்துக்கு ஒரு புள்ளி.

தனபால் யோசிக்கவே இல்லை. கையிலிருந்த பஞ்சுக்கட்டியை மெத்தைமேல் வீசினான். தீர்ப்பு தப்பு, வீடியோவைப் பாருங்கள் என்று அதற்கு அர்த்தம். ஆடுகிறவர் வேண்டாம் என்றால் மட்டும் பார்க்க மாட்டார்கள். யார்தான் வேண்டாம் என்பார்கள்?

தர்ஷினி குனிந்து பஞ்சை எடுத்தாள். நேராக அவனிடம் வந்தாள்.

"மாஸ்டர், கால் வெளியே போயிடுச்சு."

"போகல. நான் பார்த்தேன்."

"நீங்க அந்தப் பக்கம் இருந்தீங்க மாஸ்டர். எனக்குத் தெரியும், கோட்டைத் தாண்டிட்டேன்."

பஞ்சை அவன் கையில் வைத்துவிட்டு, நடுவரிடம் வேண்டாம் என்று கையசைத்தபடி மெத்தைக்கு ஓடினாள். மிச்சமிருந்த சில நொடிகளில் பாய்ந்தாள் பாருங்கள், சேலத்துப் பெண்ணின் காலைப் பிடித்தே விட்டாள். அரங்கமே எழுந்து நின்றது. கீழே சாய்ப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

ஒரு புள்ளியில் தோல்வி.

தனபால் சுவரோரமாகப் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டான். சிகாமணி வாத்தியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கைதட்டித் தட்டி உள்ளங்கை சிவந்திருந்தது. மனிதருக்கு அவ்வளவு சந்தோஷம்.

"தோத்துட்டோம் வாத்தியாரே."

"பார்த்தேன், பார்த்தேன்."

"வீடியோவுல சரியாத் தெரிஞ்சிருக்காது. நமக்கே கொடுத்தாலும் கொடுத்திருப்பாங்க. கையில இருந்த இடம் போச்சு. இத்தனை பேர் முன்னால என் பேச்சை மீறிட்டா. நான் எங்கே தப்புப் பண்ணினேன் வாத்தியாரே?"

வாத்தியார் பஞ்சை அவனிடமிருந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது வந்த நாள்லேர்ந்து நானும் எறிஞ்சிருக்கேன் தனபாலு. பாதி தப்பாத்தான் எறிஞ்சிருப்பேன். என் பிள்ளைங்க எல்லாம் தங்கம். ஆனா ஒருத்தர்கூட இதை எடுத்துட்டு வந்து என் கையில கொடுத்ததில்லை."

தனபால் நிமிர்ந்தான். வாத்தியார் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல இறங்கி, அவன் எதிரே தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார்.

"அந்தப் பொண்ணுக்கு நீ என்ன சொல்லிக்கொடுத்தே? எனக்கும் கொஞ்சம் சொல்லு."